மீதி நாற்பத்தெட்டு மாத்திரைகள்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் அந்த மனநல மருத்துவரின் அறைக்கு ஏறும் மாடிப்படிகள் இருபத்துமூன்று. எட்டாவது படி மட்டும் மற்றவற்றைவிட அரை விரற்கடை உயரம். தெரியாதவர்கள் அங்கே தடுக்குவார்கள். முதல் தடவை ஏறியபோது இந்த விவரம் எனக்குத் தெரியாது. இரண்டாம் தடவையும் தெரியாது. மூன்றாம் தடவை மேலே ஏறி நின்று, மூச்சு வாங்கியபடி, பின்னால் வந்த என் மனைவியிடம் "இருபத்துமூணு" என்றேன்.

அவள் பாதிப் படியில் நின்றுவிட்டாள்.

"ஏனுங்க, என்ன சொன்னீங்க?"

"படி. இருபத்துமூணு."

"நெசமா எண்ணுனீங்களா, இல்ல வாய்க்கு வந்ததைச் சொல்றீங்களா?"

"வேணும்னா நீ போயி எண்ணு."

"எண்ணிட்டே வாரேன்" என்று அவள் நிஜமாகவே கீழே இறங்கிப் போனாள். ஒவ்வொரு படியிலும் காலை அழுத்தி வைத்து, வாய்விட்டு எண்ணிக்கொண்டு ஏறி வந்தாள். கீழே மிளகாய் மண்டியில் மூட்டை தைத்துக்கொண்டிருந்தவர் ஊசியை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார். மேலே வந்தபோது அவள் முகமெல்லாம் வியர்வை. "சரியாத்தானுங்க இருக்குது" என்றாள். கண் கலங்கியிருந்தது. அது மிளகாய் நெடியாலும் இருக்கலாம்.

இதை எழுதும்போது இப்போதும் என் கை பரபரக்கிறது. படி எண்ணியதற்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று கேட்பவர்களுக்கு நான் யார் என்று சொல்ல வேண்டும். நினைவு தெரிந்த நாளிலிருந்து எண்ணிக்கொண்டே இருப்பவன் நான். பேருந்தில் ஏறினால் சன்னல்கள், பந்தியில் உட்கார்ந்தால் இலைகள், சவரத்துக்குப் போனால் முடிதிருத்துபவர் கத்தியைத் தோல்வாரில் எத்தனை முறை தீட்டுகிறார் என்பது. வேலையும் அதற்கேற்றதாகவே வாய்த்தது. மோகனூரில் சர்க்கரை ஆலையின் எடை மேடையில் எழுத்தர். கரும்பு வண்டி மேடையில் ஏறியதும் வட்ட முகப்பில் பெரிய முள் இப்படியும் அப்படியும் ஆடும். ஆட்டம் நின்ற பிறகு எடையைப் படித்துச் சீட்டில் எழுத வேண்டும். கரும்பை இறக்கிவிட்டு வரும் வெறும் வண்டியை மறுபடி நிறுத்தி எழுத வேண்டும். பத்தொன்பது அரவைப் பருவங்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். என்னிடம் எடை தவறியது என்று யாரும் சொன்னதில்லை.

எழுபதுகளின் கடைசியில் ஒரு தை மாதம் அந்த எண்ணிக்கை நின்றுபோயிற்று.

காரணம் தேடித் தேடிப் பார்த்தேன். வீட்டில் சாவு இல்லை, சண்டை இல்லை. ஆலையின் முதல் சங்குக்கு வெகு முன்னதாகவே விழிப்பு வந்துவிடும். அப்புறம் தூக்கம் கிடையாது. சோறு கரும்புச் சக்கையை மெல்வது போல இருந்தது. நல்ல வெயிலில், வண்டிகள் வரிசையாக நிற்கும்போது, கண்ணில் தண்ணீர் வழியும். துடைத்துக்கொள்ளவும் தோன்றாது. ஒரு நாள் ஒரு வண்டிக்காரர் கத்தினார்: "எழுத்தரே, வண்டி ஏறி எத்தன நேரமாச்சு? இன்னும் கொஞ்சம் உட்டா என்ற காளை கன்னு போட்டுருமுங்க." வரிசையே சிரித்தது. முள் எப்போதோ நின்றிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஆனால் படிக்கவில்லை. அதே வாரத்தில் அடுத்தடுத்து மூன்று வண்டிகளுக்கு ஒரே எடையை எழுதிவைத்தேன்.

மேலதிகாரி நல்ல மனிதர். கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். "லீவு போட்டுட்டு உடம்பப் பாருங்க. அடுத்த அரவைக்கு வந்து உங்க நாக்காலில உக்காருங்க. அப்பவும் முடியலீன்னா ஸ்டோர்ல போட்டர்றேன். அங்க சாக்கு அடுக்கறதுதான், ஒண்ணும் படிக்க வேண்டாம்."

அவர் பரிவாகத்தான் சொன்னார். எனக்கு அது தண்டனை போலக் கேட்டது. அடுத்த அரவை ஐப்பசியில். அதற்குள் நான் நானாக வேண்டும். இல்லாவிட்டால் சாக்கு.

வீட்டில் என் மனைவி தன் வழியில் ஒரு சோதனை வைத்தாள். வழக்கமாகத் தட்டில் தோசை விழும்போதே "மூணு", "நாலு" என்று சொல்லும் பழக்கம் எனக்கு உண்டு. அது அவளுக்கு எரிச்சல். அன்று சாப்பிட்டு முடித்ததும் கேட்டாள்: "எத்தன தோச தின்னீங்க?"

"தெரியல."

"சும்மா ஒரு குத்துமதிப்பாச் சொல்லுங்க."

"தெரியலன்னு சொல்றனே."

அன்று மாலையே மாரியம்மன் கோயிலுக்குப் போய், எனக்குக் குணமானால் நானே தீச்சட்டி எடுப்பேன் என்று என்னைக் கேட்காமல் வேண்டிக்கொண்டு வந்துவிட்டாள். மறுநாள் நாமக்கல்லில் எங்கள் வழக்கமான மருத்துவரிடமும் அழைத்துப் போனாள். அவர் இரத்தம் முதல் எல்லாம் பார்த்துவிட்டு, "உடம்பில் குறை இல்லை, இது மனச்சோர்வு, இதற்கு மருந்து இருக்கிறது" என்று சேலத்துக்குச் சீட்டு எழுதினார். இரண்டையும் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் செய்தவள் அவள். இரண்டில் எதையும் அவள் பாதி நம்பிக்கையோடு செய்யவில்லை.

செவ்வாய்ப்பேட்டை மாடியில் ஒரு வசதி இருந்தது. கீழே மிளகாய் மண்டி, பக்கத்தில் மல்லி மண்டி. மனநல மருத்துவரிடம் வருகிறோம் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை, மிளகாய் வாங்க வந்தோம் என்று சொல்லலாம். அதனால் அங்கே காத்திருந்தவர்கள் அத்தனை பேர் மடியிலும் ஒரு பை. நெடியில் எல்லோரும் தும்மிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தும்மினால் பக்கத்தில் இருப்பவர் "நூறு" என்பார். அந்த வருடம் எங்கள் வீட்டில் மல்லி மட்டும் ஒரு குதிர் அளவு சேர்ந்துபோயிற்று.

மருத்துவர் வாழப்பாடிப் பக்கத்துக்காரர். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். அதுவே எனக்குக் குறையாகப் பட்டது. ஒரு மணி நேரம் கேட்டார். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று, நல்லா சாப்பிடுறீங்களா என்று கேட்பது போல நேராகக் கேட்டார். "எந்திரிக்க வேண்டாம்னு இருக்குதுங்க. அதுக்கு மேல யோசிக்கல" என்றேன். "அதுக்கு மேல யோசனை போனா அன்னிக்கே பஸ் ஏறிடணும், சீட்டுத் தேதிக்குக் காத்திருக்கக் கூடாது" என்று என் மனைவியைப் பார்த்துச் சொன்னார்.

மாத்திரை சிறியது, சர்க்கரைப் பூச்சு பூசியது. முதல் வாரம் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஒன்று, இரண்டாம் வாரம் இரண்டு, அதன்பின் மூன்று. என் வேலை என்ன என்று கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்:

"கரும்பு வண்டி வர்றதுக்கு முன்னாடி என்ன வரும்?"

"மாட்டுச் சலங்கைச் சத்தம்."

"அதுதான். இந்த மருந்துல சலங்கை முன்னாடி வரும், வண்டி பின்னாடி வரும். வாய் காயும், மலச்சிக்கல் வரும், சட்டுனு எந்திரிச்சா தலை சுத்தும். அது முதல் வாரத்துலயே வந்துடும். மனசு தெளியறதுக்கு ரெண்டு வாரம் ஆகும், நாலு வாரமும் ஆகும். வண்டியைக் காணோம்னு மருந்த நிறுத்திட்டுப் போயிடாதீங்க."

"பத்தியம் ஏதாச்சும் உண்டுங்களா?" என்றாள் என் மனைவி.

"சாராயம் மட்டும் கூடாது."

"அந்தப் பழக்கமே இல்லீங்க. மோர்?"

"குடிக்கலாம்."

"கத்திரிக்கா?"

"அம்மா, எல்லாம் சாப்பிடலாம். கீரை நிறையக் குடுங்க." பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு, "இப்ப நான் சொன்னதை நீங்க எனக்குத் திருப்பிச் சொல்லுங்க" என்றார்.

பள்ளிக்கூடப் பிள்ளை போல ஒப்பிக்கச் சொல்கிறாரே என்று எனக்குச் சுருக்கென்றது. ஐந்து விஷயம் சொல்லியிருந்தார். நான் இரண்டில் நின்றுவிட்டேன். மூன்றாம் வகுப்பு வரை படித்த என் மனைவி ஐந்தையும் விரலை மடக்கிச் சொன்னாள்: தினமும் போட வேண்டும், தொல்லை முதலில் வரும், பலன் பிறகு வரும், இது தூக்க மாத்திரையும் இல்லை பழகிப்போகும் போதையும் இல்லை, நல்லான பிறகும் ஆறு மாதம் போட வேண்டும், தானாக நிறுத்தக் கூடாது. ஐந்தாவது விரலை அவள் இரண்டு முறை மடக்கினாள். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

நாள் எண்ண என்னால் முடியவில்லை என்பதால் அவளே எண்ணினாள். மாத்திரை கொடுத்ததும் ஒரு புளியங்கொட்டையை எடுத்து ஒரு டம்ளரில் போடுவாள். மூன்றாம் கொட்டையன்று காலை என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "வாய் காயுது" என்று முனகினேன்.

"சலங்கையா?"

"இருக்கும்."

அவளுக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது. ஒரு செம்பு தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "இன்னும் நல்லாக் காயட்டும்" என்றாள். மலச்சிக்கல் வந்த அன்று முருங்கைக்கீரை பொரியலோடு விருந்து மாதிரி நடந்தது. பக்கத்து வீட்டுக்காரி, "உங்க ஊட்டுக்காரருக்கு எப்படி இருக்குது?" என்று கேட்டதற்கு, "வெளிக்கே போகலீங்க, ரொம்ப நல்லா இருக்குது" என்று சொன்னவள் அவள்.

இரண்டாம் வாரம் முடிந்தும் வண்டி வரவில்லை. சேலம் போய்வந்தோம். மாத்திரை மூன்றானது. ஒரு மாலை அவள் டம்ளரைக் கொட்டி எண்ணிவிட்டு "இருவது ஆச்சு" என்றாள். நான் படுத்தபடியே, "பத்தொம்பது. ஒண்ணு உடைஞ்சு ரெண்டாக் கிடக்குது" என்றேன்.

அவள் குனிந்து பார்த்தாள். ஒரு கொட்டை இரண்டாகப் பிளந்துதான் கிடந்தது.

"ஏனுங்க," என்றாள் மெதுவாக, "அதை எப்ப எண்ணுனீங்க?"

எப்போது எண்ணினேன் என்று எனக்கே தெரியவில்லை. அதன்பிறகு ஒவ்வொரு நாளும் ஏதோ ஒன்று திரும்பி வந்தது. ஒரு நாள் ரசத்தில் பெருங்காயம் தெரிந்தது. ஒரு நாள் சங்கு ஊதிய பிறகுதான் விழித்தேன். ஒரு நாள் பக்கத்து வீட்டுச் சேவல் கூவியதைக் கணக்குப் பார்த்து, பதினாறு என்று அந்த வீட்டுக்காரரிடமே போய்ச் சொன்னேன். அவர் "அறுத்தர்றனுங்க" என்று மன்னிப்புக் கேட்டார். இருபத்தொன்பதாம் நாள் அந்த இருபத்துமூன்று படிகள்.

மருத்துவர் கைகுலுக்கினார். ஒரு மாதத்துக்குத் தொண்ணூறு மாத்திரை எழுதிக் கொடுத்து, "வண்டி வந்திருச்சு. மருந்து நிக்கக் கூடாது" என்றார். மறுபடி ஒப்பிக்கச் சொன்னார். இந்த முறை ஐந்தையும் நானே சொன்னேன்.

ஆனால் சித்திரையில் எங்கள் ஊரில் பூச்சாட்டு. அம்மனுக்குப் பூச்சாட்டி, காப்புக் கட்டிவிட்டால் பதினைந்து நாள் ஊரில் யாரும் குழம்பு தாளிப்பதில்லை. என் மனைவி முகம் மலர்ந்து, "சட்டி எடுத்தர்லாமுங்க" என்றாள். நானும் துள்ளிக்கொண்டுதான் இருந்தேன்.

எங்கள் பக்கத்தில் வேண்டுதலுக்கு ஒரு முறை உண்டு. குணமான பிறகுதான் செலுத்த வேண்டும். செலுத்திவிட்டால், குணமாகிவிட்டது என்று ஆத்தாளிடம் நாமே சொன்னதாகிறது. அப்புறமும் அதற்கு மருந்து தின்றால், நீ செய்தது போதவில்லை என்று அவள் முகத்தில் சொல்வது போல. அம்மை கண்ட வீட்டில் இங்கிலீஷ் மருந்து சேர்க்காத பழக்கத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். இதை இருவரும் உட்கார்ந்து பேசிக்கூட முடிவு செய்யவில்லை. காப்புக் கட்டிய நாள், மருந்து தொடங்கி நாற்பத்துமூன்றாம் நாள். அன்று அவள் மாத்திரையை எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. மீதி நாற்பத்தெட்டு. அதை மட்டும் எண்ணி டப்பாவில் போட்டு மூடினேன்.

காவிரிக்கரையிலிருந்து கோயில்வரை தீச்சட்டியோடு நடந்தேன். ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு அடி. உறுமி காதைப் பிளந்தது, வேப்பிலை புகைந்தது, ஒரு அடி தவறவில்லை. அதற்கு முந்தைய நாட்களில் வயிற்றைப் புரட்டியதும், கை நடுங்கியதும், கெட்ட கனவு வந்ததும் விரதத்தின் உஷ்ணம் என்று நினைத்துக்கொண்டேன். மருந்தைச் சட்டென்று நிறுத்தியதால் வந்தவை என்று பிற்பாடுதான் தெரிந்தது.

வைகாசியில் ஒரு நாள் அவள் தோசை வார்த்துக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்: "இது எத்தனாவது?"

"தெரியல" என்றேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"சேலம் போலாமுங்க."

"சட்டி எடுத்தாச்சு. இப்ப மறுபடி மாத்திரை போட்டா ஆத்தா பொய்யா?"

"அதுக்குன்னு நீங்க சாக்கு அடுக்கப் போறீங்களா?"

எனக்கு வாதாடவும் தெம்பு இல்லை. பயம் மட்டும் இருந்தது. மருந்துக்குப் போனால் தெய்வக் குற்றம், போகாவிட்டால் ஐப்பசி. அவள் என் சட்டையை எடுத்துப் போட்டுவிட்டு, பேருந்து நிறுத்தத்துக்கு அல்ல, நேராகக் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். பூசாரி பிரகாரத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார். அவள் மொத்தத்தையும் ஒரே மூச்சில் சொன்னாள். அவர் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு, இடுப்பு மடிப்பை அவிழ்த்து ஒரு காகிதப் பொட்டலத்தைக் காட்டினார்.

"இது என்னன்னு தெரியுதுங்களா? சக்கரை மாத்திரை. காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. காப்புக் கட்டுன பதினஞ்சு நாளும் போட்டனுங்க. போடாம இருந்தா சட்டிக்கு முன்னாடி நான் உளுந்திருப்பேன்."

"ஆத்தா ஒண்ணும் சொல்லலீங்களா?" என்றாள்.

"பதினெட்டு வருசமா அவளுக்கு மணி அடிக்கறேன். மருந்து திங்காதேன்னு ஒரு நாளும் சொன்னதில்லீங்க. சொல்றதெல்லாம் நம்ம ஊட்டுல இருக்கறவங்கதான்." என்னைப் பார்த்தார். "சாமி, சட்டிய நல்லபடியாத் தூக்குனீங்க. அது முடிஞ்சுது. மருந்து பாதில கெடக்குது. அதைப் போயி முடிங்க. என்னைய இதுல இழுக்காதீங்க, கூட்ட வேண்டியது நெறயக் கெடக்குது."

விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நாங்கள் அடுத்த பேருந்தைப் பிடித்தோம்.

மருத்துவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "எத்தனை மாத்திரை மீதி?" என்றார்.

"நாப்பத்தெட்டு."

"அது ஞாபகம் இருக்கா. நல்லது." சிரித்தார். பிறகு தன் மேலேயே குறை சொல்லிக்கொண்டார்: "நிறுத்தாதீங்கன்னு சொன்னேன். எதுக்காக நிறுத்துவீங்கன்னு கேக்கல. அது என் தப்பு. இனிமே வர்றவங்ககிட்ட வேண்டுதல் ஏதாவது இருக்கான்னு கேட்டுக்கறேன்." மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினோம். ஆறு மாதம் என்பது நல்லான நாளிலிருந்து என்றும், பிறகு நிறுத்துவதும் ஒவ்வொன்றாகக் குறைத்து என்றும் சொன்னார். ஏன் ஆறு மாதம் என்று நான் முணுமுணுத்தேன். என் மனைவி அவரை முந்திக்கொண்டாள்:

"முள்ளு ஆடிட்டிருக்கும்போதே நீங்க சீட்டு எழுதுவீங்களா? பத்தொம்பது வருசமா அந்த முள்ளு கதையத்தானே ஊட்டுல கேக்கறேன். நின்னப்பறம் எழுதுங்க."

மருத்துவர் இதை ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டார். அடுத்து வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்றார். மேடை எழுத்தன் நான் இருக்க, பெயர் அவளுக்குப் போயிற்று.

இரண்டாம் முறை வாய் காய்ந்தபோது நான் காத்திருந்தேன், அவ்வளவுதான். டம்ளரில் கொட்டை விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு காத்திருந்தேன். ஆனியில் பெருங்காயம் திரும்பியது. ஆடிப் பதினெட்டுக்குக் காவிரியில் போன முளைப்பாரிகளை எண்ணினேன். அறுபத்தொன்று.

ஐப்பசியில் அரவை தொடங்கிய அன்று முதல் ஆளாகப் போய் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். அன்றைய மூன்று மாத்திரைகள் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் இருந்தன. இரவில் போட வேண்டியவைதான், ஆனாலும் கூடவே இருக்கட்டும் என்று எடுத்து வந்திருந்தேன். தை வரை இது நடக்கும் என்று மேலதிகாரியிடமும் சொல்லிவிட்டேன். அவர் "தை வரைக்குங்களா, சரிங்க" என்றார், மழை பெய்கிறது என்று சொன்னதுபோல. வாய் காய்ந்திருந்தது. தண்ணீர்ச் செம்பை எடுத்தபோது, சாலைத் திருப்பத்தில் சலங்கைச் சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு ஜோடி மாடு. முதல் வண்டி மேடையில் ஏறியது. போன தையில் கத்திய அதே வண்டிக்காரர்.

"எழுத்தரே, இந்த வருசமாவது சீக்கிரம் உடுவீங்களா?"

"முள்ளு நிக்கட்டும்" என்றேன்.

நின்றது. எழுதினேன்.